சரிவில் வேர் பிடிக்கும் செடிகள்

2023 டிசம்பர் 17-ஆம் தேதி பெய்த மழையில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே ரயில் பாதையின் அடிமண் அரித்துக்கொண்டு போனது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் பதிவான மழை ஏறக்குறைய 95 செ.மீ. ஜல்லி போட்டு இறுக்கிய கரைக்கே அந்தக் கதி என்றால், வீட்டுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடக்கும் செவல் மண் சரிவு எந்த மூலைக்கு?

மலையடிவாரத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்காக இந்த அத்தியாயம். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், கடையம், களக்காடு, செங்கோட்டை பக்கம் வீட்டுக்கு முன்னாலோ பின்னாலோ சரிவு இல்லாத மனை அபூர்வம். பொத்தை ஓரத்தில் இடம் வைத்திருப்பவர்களுக்கும், ஆற்றுக்கோ ஓடைக்கோ இறங்கும் தோட்டம் உள்ளவர்களுக்கும் இதே பிரச்சினைதான். மண் ஆழமில்லை. ஒரு முழம் தோண்டினால் சரளையோ சுக்கானோ மண்வெட்டியைத் தடுக்கும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்கள் வெயிலும் காற்றும்தான். ஆகவே சரிவுக்குச் செடி தேடும்போது பூவையும் இலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேர் எப்படிப் போகும் என்பதுதான் முதல் கேள்வி.

பொத்தையும் குளத்துக்கரையும்

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இடங்கள் நம் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. கோடையில், சித்திரை வெயில் ஏறிய பிறகு, பக்கத்துப் பொத்தைக்குப் போய்ப் பாருங்கள். பாறை இடுக்கில் ஒரு கூடை மண்கூட இல்லாத இடத்தில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருக்கும். விராலி பசுமையாக நிற்கும். காரையும் சிறுகளாவும் முள்ளோடு முள்ளாகப் பின்னிக் கிடக்கும். கொஞ்சம் மண் திரண்ட இடத்தில் உசிலையும் வெப்பாலையும் இருக்கும். யாரும் இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை, உரம் வைத்ததில்லை.

அடுத்து ஒரு குளத்துக்கரைக்குப் போங்கள். மனிதன் கையால் மண்ணைக் குவித்துக் கட்டிய சரிவு அது. கரையில் வரிசையாகப் பனை, அதன் காலடியில் புல், தண்ணீர் தேங்கும் அடியில் நீர்மருது, மறுகால் ஓடை ஓரம் நொச்சி. தலைமுறை தலைமுறையாகக் கரை காத்தவர்கள் எதை எங்கே வைத்தார்கள் என்பது அந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. தாகம் தாங்குவது மேலே, மண்ணைப் பிடிப்பது நடுவில், ஈரம் விரும்புவது அடியில். உங்கள் தோட்டத்தையும் இப்படி மூன்றாகப் பிரித்துக்கொண்டால் செடி தேர்வில் பாதி வேலை முடிந்தது.

வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம்

வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்களில் தெற்கு பார்த்த சரிவு சூடானது, வடக்கு பார்த்தது குளிர்ச்சியானது என்று இருக்கும். நெல்லைக்கு அது பொருந்தாது. பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். சித்திரை பிறக்கும்போது உச்சிவெயில் நம் தலைக்கு நேர் மேலே. அப்போதிருந்து ஆவணி நடு வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கடும் கோடையில் வடக்கு பார்த்த சரிவும் காயும். மார்கழியில் தெற்குச் சரிவு காயும். அப்போது மண்ணில் ஈரம் இருப்பதால் பெரிய கவலையில்லை.

உண்மையில் கொடுமையானது மேற்கு பார்த்த சரிவு. பிற்பகல் வெயில் முழுக்க அதன் மேல் விழும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இலையில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அங்கே உயரமான, எளிதில் ஒடியும் மரம் எதையும் மேற்குச் சரிவில் வைக்காதீர்கள். கிழக்குச் சரிவு பாக்கியசாலி: காலை வெயில், வடகிழக்குப் பருவமழை இரண்டும் நேராகக் கிடைக்கும். கொஞ்சம் நாசூக்கான செடி வைக்க ஆசையிருந்தால் அங்கே வையுங்கள்.

முதலில் புல்

சரிவில் மரம் நட்டால் மண் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மரம் பெரிதாகி வேர் பரப்ப ஆண்டுகள் ஆகும். அதற்குள் இரண்டு மூன்று ஐப்பசி மழை வந்து மேல்மண்ணைக் கொண்டுபோய்விடும். செவல் மண்ணில் மழைத்துளி நேராக விழுந்தால் மேலே பொருக்குத் தட்டும். பொருக்குத் தட்டிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்காமல் மேலோடு ஓடும். ஓடுகிற தண்ணீரை மெதுவாக்க அடர்ந்த புல் வரிசையைப் போல் வேறொன்றும் இல்லை.

என் முதல் தேர்வு வெட்டிவேர். கர்நாடகத்தில் மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டை விவசாயிகள் நெடுங்காலமாக வயல் எல்லையில் வெட்டிவேர் வரிசை வைத்து மண்ணைக் காத்துவந்தார்கள். 1980-களில் உலக வங்கிக்காக இந்தியாவில் வேலை பார்த்த ஜான் கிரீன்ஃபீல்ட் என்ற மண்வள நிபுணர் அதைக் கவனித்து எழுதிய பிறகுதான் உலகம் முழுக்க நெடுஞ்சாலைச் சரிவுகளுக்கு இந்தப் புல் போனது. நம் மண்ணில் தானாக வளர்ந்த புல், நம் பக்கத்து விவசாயியின் முறை. நமக்கு மட்டும் அது ஏனோ குடிநீர்ப் பானையில் போடும் வேராகவும் ஜன்னலுக்குத் தட்டியாகவும் சுருங்கிவிட்டது.

வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாது. நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம் போகும். சரளையில் அவ்வளவு போகாவிட்டாலும் இடுக்கு தேடிப் புகுந்துகொள்ளும். பக்கத்துச் செடியின் உணவைப் பிடுங்காது. களையாகப் பரவுமோ என்ற பயமும் வேண்டாம். தோட்ட ரகங்கள் தூர் பிரித்து நட்டால்தான் பெருகும்.

நடும் முறை இதுதான். ஒரு முதிர்ந்த தூரைத் தோண்டியெடுத்து, இரண்டு மூன்று குருத்து சேர்ந்தாற்போல் கையாலேயே பிய்த்துப் பிரியுங்கள். இலையை ஒரு சாண் விட்டு நறுக்கிவிடுங்கள். வேரையும் நாலு விரல் நீளத்துக்கு வெட்டலாம். காய்ந்த சருகு ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். இப்படித் தயாரான நாற்றுகளை அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் ஒரே வரிசையாக நடவேண்டும். இடைவெளியில் கஞ்சத்தனம் பார்த்தால் வேலி அடையாது. அடையாத வேலி வழியே தண்ணீர் சேர்ந்து பாய்ந்து முன்னைவிட ஆழமாக அரிக்கும்.

வரிசை சமமட்டத்தில் போகவேண்டும், அதாவது அதன் இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். கண்ணால் பார்த்துப் போட்டால் நிச்சயம் ஏமாறுவோம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். நிறமில்லாத டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து நின்றால், இரு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றுதான். அந்தப் புள்ளிகளில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போகலாம். கோடு நேராக வராது. சரிவின் வளைவுக்கேற்ப வளைந்து போகும், அப்படித்தான் போகவேண்டும். மூன்று அடி இறக்கத்துக்கு ஒரு வரிசை என்பது வீட்டுத் தோட்டத்துக்குச் சரியான அளவு. நாலடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவு என்றால் வரிசைக்கு வரிசை பன்னிரண்டு அடி வரும்.

இரண்டு எச்சரிக்கை. வெட்டிவேருக்கு முழு வெயில் வேண்டும். புளியமரத்து நிழலில் அது மெலிந்து செத்துவிடும். இன்னொன்று, மணமுள்ள வேருக்கு விலை கிடைக்கிறதே என்று சரிவில் இருப்பதைத் தோண்டிவிடாதீர்கள். விற்பனைக்கு வேண்டுமானால் சமதரையில் தனியாகப் போடுங்கள். சரிவில் வளர்ந்ததை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை முழங்கால் உயரத்துக்கு அறுத்து, அறுத்த தாளை அதே வரிசைக்கு மேல் பக்கம் மூடாக்காகப் போடுங்கள்.

இரண்டு வரிசைக்கும் நடுவில் உள்ள வெறும் மண்ணுக்குக் கொழுக்கட்டைப்புல் நல்லது. அதன் விதை பஞ்சு போல இருப்பதால் காற்றில் பறக்கும். ஈர மணலில் பிசறித் தூவவேண்டும். கோடையில் மேலே வைக்கோலாகக் காய்ந்து நின்றாலும் அடித்தூர் உயிரோடு இருக்கும்; ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். மாடு வைத்திருப்பவர்களுக்குத் தீவனமும் ஆயிற்று. எலுமிச்சைப்புல் அடிச்சரிவில், கொஞ்சம் ஈரம் நிற்கும் இடத்தில் போடலாம்.

புதர்கள்

புல் வரிசை பிடித்த பிறகு புதருக்கு வரலாம். இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வேலி போட்டிருக்கிறீர்களா? நம் பக்கம் ஆட்டுக்குத் தப்பிய செடிதான் செடி. அடிவாரத்தில் மிளாவும் காட்டுப்பன்றியும் வரும், மயில் முளையைக் கொத்தும். வேலியில்லாத சரிவுக்கு ஆடு விரும்பாதவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்: ஆடாதோடை, நொச்சி, ஆவாரை, அரளி, நித்தியகல்யாணி, சீத்தா.

நொச்சியும் ஆடாதோடையும் காசில்லாமல் கிடைப்பவை. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு, பென்சில் பருமனுக்கு மேல் முற்றிய குச்சியாக வெட்டி வந்து மழைக்காலத்தில் ஊன்றினால் வேர் விட்டுவிடும். தண்ணீர் ஓடிப் பள்ளம் விழுந்த இடத்தில் நொச்சிக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றுங்கள். இரண்டு மழையில் அந்தப் பள்ளம் மண் தங்கி மேடாகத் தொடங்கும். எல்லையில் உயிர்வேலி வேண்டுமென்றால் கிளுவைப் போத்து ஊன்றலாம்; இடையில் களா வைத்தால் வேலியும் ஆச்சு, ஊறுகாய்க்குக் காயும் ஆச்சு.

ஆவாரையையும் விராலியையும் தொட்டியில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட விதையாகப் போடுவதே மேல். ஆவாரை விதையின் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு விதைத்தால் ஒரே சீராக முளைக்கும். பொத்தையின் நிறமே வீட்டு வாசலுக்கு வந்ததுபோல் இருக்கும் அந்த மஞ்சள். இதற்கு ஈடாக நர்சரியில் விலை கொடுத்து வாங்கும் பூச்செடி எதையும் என்னால் சொல்லமுடியாது.

நெல்லையின் பெயரையே தாங்கிய ஒரு செடியை நெல்லை வீடுகளில் காணமுடியவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். உலக மருந்துச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று இன்றும் விற்கப்படும் நிலவாகைதான் அது. அரேபியப் பக்கத்திலிருந்து வந்து, நம் மானாவாரி நிலத்தில் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய செடி. மலச்சிக்கலுக்கான மருந்து அதன் இலையிலும் காயிலும் இருக்கிறது. இடுப்பளவு உயரம், மஞ்சள் பூ. வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகும். சரிவில் தேங்குவதற்கே வழியில்லை. புரட்டாசியில் நேரடியாக விதையுங்கள். மற்ற புதர்கள் எழும்பும் வரை அது இடத்தை நிரப்பி மண்ணை மூடிக்கொடுக்கும். இலையை வைத்தியர் சொல்லாமல் தின்னவேண்டாம்.

அரளியும் செங்காந்தளும் அழகு, உழைப்புக் கேட்காதவை, ஆனால் கடும் விஷம். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டையும் தவிருங்கள்.

மரங்கள்

மரம் விஷயத்தில் நர்சரியில்தான் பெரிய தவறு நடக்கிறது. "அண்ணாச்சி, பெரிய கன்னா எடுத்துட்டுப் போங்க, சீக்கிரம் நிழல் வந்துரும்" என்று கடைக்காரர் சொல்வார். ஆள் உயரக் கன்றின் பையைக் கீறிப் பாருங்கள். ஆணிவேர் பையின் அடியில் முட்டி, திரும்பி, வட்டமாகச் சுற்றியிருக்கும். அந்தச் சுருள் மண்ணுக்குள் போனாலும் எளிதில் நிமிராது. நாலைந்து ஆண்டு நன்றாக வளர்ந்த பிறகு ஆடிக் காற்றில் மரம் அடியோடு சாயும். சாயும்போது பக்கத்து மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். முழங்கால் உயரத்துக்கும் குறைந்த, பையின் அடியை வேர் தொட்டிராத கன்று போதும். முடிந்தால் வேம்பு, புங்கம், சீத்தா மூன்றையும் விதையாகவே ஊன்றுங்கள். முருங்கையும் அப்படித்தான்: போத்து நட்ட முருங்கைக்கு ஆணிவேர் இருக்காது, விதை முருங்கைக்கு இருக்கும். சரிவுக்கு விதை முருங்கைதான்.

மேல்சரிவில் உசிலை, வெப்பாலை, சீத்தா, நெல்லி. நடுவில் வேம்பு, விளா, கொடுக்காப்புளி. அடியில், தண்ணீர் வந்து சேரும் இடத்தில் புங்கம், நாவல், இடமிருந்தால் நீர்மருது. ஓடை ஓரத்துக்குப் பூவரசு. தேரி மணலாக இருந்தால் முந்திரியும், குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரமும். தென்னையும் வாழையும் தாமிரபரணிப் பாசனத்தில் ராஜாக்கள், சரிவுக்கு வேண்டாம். ஒன்று தண்ணீருக்கு ஏங்கும், இன்னொன்று ஒவ்வொரு வெட்டுக்கும் மண்ணைக் கிளறச் சொல்லும்.

பனை தனியாகச் சொல்லவேண்டியது. பொங்கலுக்குப் பனங்கிழங்கு தோண்டியவர்களுக்குத் தெரியும்: கொட்டை மேலே கிடக்கும், முளை கீழே நோக்கி ஆழமாக இறங்கி அங்கே கிழங்காகும். பனையின் உயிர்ப்புள்ளி முதல் நாளிலிருந்தே மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. பிறகு அடியிலிருந்து நூற்றுக்கணக்கில் கயிறு போன்ற வேர்கள் கிளம்பி மண்ணைக் கட்டிக்கொள்ளும். அதனால்தான் கரைக்கெல்லாம் பனை. பிடுங்கி நட வராது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டையைப் பொறுக்கி, ஓரடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாக, தோட்டத்தின் கடைசி எல்லையில் ஊன்றிவிடுங்கள். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம்; மட்டை விழும். பலன் பார்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். மண்ணைப் பிடிக்கும் வேலையை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

எளிதாக வளர்கிறது என்பதற்காகச் சிலவற்றை உள்ளே விடக்கூடாது. சீமைக்கருவேலத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். உண்ணிச்செடி பூவுக்காக வாங்கப்படுகிறது. அடிவாரத்தில் அதைப் பறவை தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டுபோகும். களக்காடு முண்டந்துறை காப்பகம் நம் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். பச்சைச் சுவர் போல் வளரும் என்று சொல்லி விற்கும் கோனோகார்பஸும் வேண்டாம். குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்கே தடை போட்டது. வாங்கிவந்து விரிக்கும் புல்தரை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். சரிவில் அதை வெட்டுவதும் பெரும்பாடு.

நடும் காலமும் முதல் கோடையும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் உண்டு. ஆனி, ஆடியில் மலையில் பெய்த மழை பாபநாசம் அணை வழியாக வந்து காருக்குப் பாயும். பிசானத்துக்கு ஐப்பசியில் சமவெளியிலேயே மழை கிடைக்கும். உங்கள் சரிவுக்கு அணையிலிருந்து மடை கிடையாது, வானத்திலிருந்து நேராக விழுவது மட்டும்தான். செங்கோட்டை, குற்றாலம், கடையம் பக்கம் சாரல் விழும் இடமென்றால் ஆனியிலேயே புல் நடலாம். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே இருப்பவர்கள் புரட்டாசிக் கடைசி வரை பொறுத்திருங்கள். கார்த்திகைக் கொட்டு மழைக்கு முன்னால் நாற்று ஒரு மாதமாவது வேர் பிடித்திருக்கவேண்டும்.

நடுவதற்கு முன்பே கூரைத் தண்ணீருக்கு வழி செய்துவிடுங்கள். 1,000 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 930 லிட்டர். அதைக் குழாய் வழியாகச் சரிவின் தலையில் கொட்டவிட்டால் எந்தச் செடியும் நிற்காது. தொட்டிக்கோ, பக்கவாட்டில் கல் பாவிய ஓடைக்கோ திருப்புங்கள். இரண்டடி நடந்தால் ஓரடிக்கு மேல் இறங்கும் செங்குத்தான இடங்களைச் செடியை மட்டும் நம்பி விடக்கூடாது. உள்பக்கம் சாய்த்து அடுக்கிய கல்கட்டு வேண்டும். இடுக்குகளில் சோற்றுக்கற்றாழையும் பிரண்டையும் செருகிவிடலாம். சிமெண்டுச் சுவர்தான் என்றால் தண்ணீர் கசிந்து வெளியேறத் துளை விட்டுக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஊறிய மண் சுவரைத் தள்ளும்.

மரக்கன்றுக்குக் குழி தோண்டும்போது எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் அணையுங்கள். ஓடிவரும் தண்ணீர் அதில் தங்கி இறங்கும். குழிக்குள் தேங்காய்க் கதம்பையை நார் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினால் ஈரம் பிடித்துவைக்கும். மேல்பக்கம் ஒரு சாதாரண மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, வாயை ஓடு வைத்து மூடிவிட்டால், அதில் ஊற்றும் தண்ணீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். சரிவில் குடத்தால் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி ஓடித்தான் போகும்.

பராமரிப்பு வேண்டாத செடி என்றாலும் முதல் கோடைக்கு மட்டும் விலக்கு கிடையாது. மாசியிலிருந்து மழை வரும்வரை வாரம் ஒரு தடவை பானையை நிரப்புங்கள். இரண்டாவது கோடையில் மாதம் இரு தடவை. மூன்றாவது கோடையில் பானையை எடுத்துவிடலாம். அப்போதும் வாடுகிற செடி அந்த இடத்துக்குரியது அல்ல, அதை எடுத்துவிட்டு ஆவாரை விதையைப் போடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் பெருமழை முடிந்ததும், மண் ஈரமாக இருக்கும்போதே, புல் வரிசைகளை ஒட்டி ஒரு நடை போய்வாருங்கள். எங்கே சருகும் மணலும் மேல்பக்கம் சேர்ந்து நிற்கிறதோ அங்கே வரிசை வேலை செய்கிறது. எங்கே இரண்டு தூருக்கு நடுவில் கை நுழைகிறதோ அங்கே மண் போயிருக்கும். பக்கத்துத் தூரிலிருந்தே இரண்டு குருத்துப் பிய்த்து அந்த இடத்தில் நெருக்கி நட்டு, காலால் மிதித்து இறுக்கிவிடுங்கள்.